பேரிடர்க் கையிருப்பைப் பல குடியிருப்புகள் சேர்ந்து வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி:
அருகருகே உள்ள நான்கு குடியிருப்புகளைச் சேர்ந்த நாங்கள், வெள்ளமோ புயலோ வந்து சாலைத் தொடர்பு அறுந்துபோனால் முதல் மூன்று நாட்களைச் சமாளிக்கும் அளவுக்குப் பொதுக் கையிருப்பு வைக்க விரும்புகிறோம். மொத்தம் ஏறத்தாழ 2,000 பேர். எதை வாங்குவது, எங்கே வைப்பது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் தூய்மைக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தேவை என்பது, பேரிடர் நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு நூலான ஸ்பியர் கையேட்டின் அளவுகோல். உங்கள் 2,000 பேருக்கு மூன்று நாட்களுக்கு 90,000 லிட்டர், அதாவது 90 டன் எடை. இதைப் பாட்டில்களில் வாங்கி அடுக்குவது நடவாத காரியம். ஆகவே, குடிப்பதற்கான தண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் அவரவர் வீட்டிலேயே சேமிக்கச் செய்துவிட்டு, பொதுக் கையிருப்பில் குளோரின் மாத்திரை, வடிகட்டி, மூடியுள்ள கேன், தார்ப்பாய் ஆகியவற்றை வையுங்கள். தண்ணீரில் கிருமியை அழிக்கப் பிளீச்சிங் பவுடர் வாங்கினால், அதை அப்படியே வைத்து மறந்துவிடக் கூடாது. வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். உணவைப் பொறுத்தவரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி என்று கொள்ளலாம்.

மறுமொழி 2:
ஒரே கிடங்கில் எல்லாவற்றையும் வைப்பதை நான் வலுவாக எதிர்க்கிறேன். அந்தக் கிடங்கே நீரில் மூழ்கினால் நான்கு குடியிருப்புகளும் ஒரே நேரத்தில் வெறுங்கையோடு நிற்கும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவையும் 2012 முதல் நடத்திவரும் அவசர அரிசிக் கையிருப்புத் திட்டத்தில் 7,87,000 டன் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த அரிசி ஓரிடத்தில் குவிக்கப்படவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தருவதாக உறுதியளிக்கிறது. சிறிய அளவிலும் இம்முறை பொருந்தும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பங்கு குறைவாகத் தந்தவர்கள் நெருக்கடியில் அதிகம் எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் எங்கள் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுகிறது.

மறுமொழி 3:
அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு இப்போதே எழுத்தில் விடை காணுங்கள். செலவைத் தலைக்கணக்கில் பகிருங்கள். ஆனால் பேரிடர் நாளில் பொருளைத் தேவையைப் பார்த்தே பங்கிடுங்கள், ஏனெனில் கைக்குழந்தைக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. கிடங்கைத் திறக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் அன்று ஊரில் இல்லாவிட்டால் எல்லாம் முடங்கிவிடும். ஒவ்வொரு குடியிருப்பிலும் இருவருக்கு அதைக் கொடுங்கள். எடுத்ததை யார், எத்தனை நாட்களுக்குள் ஈடுசெய்வது என்பதையும் குறித்துவையுங்கள். முதலில் காலாவதியாகும் பொருளை முதலில் வெளியே எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வைக்கும் பழக்கம் இல்லையென்றால், தேவைப்படும் நாளில் உண்ண முடியாத உணவுதான் மிஞ்சும். இருப்புப் பட்டியலைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், அச்சிட்ட படி ஒன்றை ஒவ்வொரு கிடங்கின் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவையுங்கள்.