சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் 3 கிலோ மலைப்பூண்டு: முளைக்காமலும் பூசணம் பிடிக்காமலும் வைத்திருப்பது எப்படி?

ஈசூன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த மாத நடுவில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பத்தியச் சமையலுக்குப் பூண்டு குறைவுபடக் கூடாது என்று எண்ணி, ஐந்து வாரங்களுக்கு முன்பே தேக்காச் சந்தையில் 3 கிலோ மலைப்பூண்டு வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் அப்போதே “இவ்வளவும் ஒரேயடியாக வேண்டுமா அம்மா?” என்று கேட்டார். நான்தான் கேட்கவில்லை.

ஒரு கிலோவை வலைப்பையில் போட்டு, சமையலறையின் பின்பக்கம், காற்று வருமே என்று சன்னலோரம் தொங்கவிட்டேன். இன்னொரு கிலோவை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தேன். அரைக் கிலோவை உரித்து, துணியில் துடைத்து, கண்ணாடிப் போத்தலில் நல்லெண்ணெய் ஊற்றி மூழ்க வைத்து, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது இரண்டு வாரம் ஆகிறது. மீதம் இருந்ததை அன்றாடச் சமையலுக்குப் பயன்படுத்தினோம்.

நேற்று மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். வலைப்பையில் இருந்தவை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தோலை உரித்தால் சில பற்களின் அடியில் நீலமும் பச்சையும் கலந்த பொடி படிந்திருக்கிறது. சில பற்கள் அழுத்தினால் பொசுக்கென்று அமுங்குகின்றன. குளிர்பதனப் பெட்டியில் இருந்தவை பாதிக்கு மேல் விரல்நீளம் முளைவிட்டு, அடியில் வெள்ளை வேரும் பிடித்திருக்கின்றன. டப்பாவின் மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. எண்ணெயில் போட்டவை மட்டும் உரித்த அன்று இருந்த நிறத்திலேயே இருக்கின்றன, வாசமும் கெடவில்லை. அதிலிருந்து நாலைந்து பற்களை எடுத்துப் போன வாரம் ரசத்துக்குத் தட்டிப் போட்டேன்.

ஆகவே, நல்லதாக மிஞ்சியிருப்பவை அனைத்தையும் உரித்து எண்ணெயிலேயே போட்டுவிடலாமா? முளைவிட்டதைச் சாப்பிடலாமா? பூசணம் கண்ட முழுப்பூண்டில் மற்றப் பற்களை எடுத்துக்கொள்ளலாமா? வீட்டில் பூண்டு உண்மையில் எத்தனை நாள் தாங்கும்? பிள்ளை பெற்றவள் சாப்பிடப்போவது என்பதால் அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுவிட்டே கைவைக்க நினைக்கிறேன்.

வெந்தயம் எழுதுகிறார்:

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக என் வாழ்த்துகள், தங்கச்சி. முப்பது ஆண்டுகளாக அங் மோ கியோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமைத்து வருகிறேன். இந்தப் பூண்டுத் தொல்லையை நானும் பட்டிருக்கிறேன்.

சமையலறையின் பின்பக்கச் சன்னலோரம் என்றால், அங்கேதானே துணியும் காயப் போடுவீர்கள்? உங்கள் பூண்டு பூசணம் பிடித்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். துவைத்த துணியிலிருந்து வரும் ஈரம் முழுவதும் அந்த மூலையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும், மழை நாளில் சன்னலைச் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். காற்று வந்தால் மட்டும் போதாது, வருகிற காற்று காய்ந்ததாக இருக்க வேண்டும். நான் வரவேற்பறையில், மின்விசிறிக் காற்றுப் படும் தூரத்தில், வெயில் விழாத ஓர் அலமாரித் தட்டில் பிரம்புக் கூடையில் வைக்கிறேன். கூடையில் ஓர் அடுக்குக்கு மேல் குவிப்பதில்லை. வாங்கி வந்த அன்றே பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துவிடுவேன். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைப்பதில்லை, உருளை ஈரம் விடும்.

வாங்கும்போதே கையில் பிடித்துப் பாருங்கள். கெட்டியாக, பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். காம்புப் பக்கம் காகிதம்போல் மொடமொடவென்று காய்ந்திருக்க வேண்டும். தோல் பதமாக, வளைந்துகொடுப்பதுபோல் இருந்தால் அது சரியாக உலர்த்தாத பூண்டு. பத்து நாள்கூடத் தாங்காது. நன்றாக உலர்ந்தது என் வீட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை இருந்திருக்கிறது.

எண்ணெயில் போடுவது நல்ல வழிதான் என்று நினைக்கிறேன். என் அம்மா ஊரில் சாடி நிறையப் பூண்டு எண்ணெயில் போட்டுப் பரணில் வைத்திருப்பார், ஆண்டு முழுவதும் கெடாது.

சமையற்கூடம் எழுதுகிறார்:

மன்னிக்க வேண்டும் அக்கா, எண்ணெய் பற்றிய அந்தக் கடைசிக் கருத்தை மட்டும் நான் மறுத்தாக வேண்டும். ஈசூன்வாசி அம்மா, வேறு எதையும் படிப்பதற்கு முன்பு அந்தப் போத்தலைத் தயவுசெய்து ஒதுக்கி வைத்துவிடுங்கள். அதிலிருந்து இனி ஒரு பல்லையும் எடுக்க வேண்டாம்.

நான் பல இடங்களுக்கு உணவு சமைத்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே உண்டு, அவை கழுவினாலும் துடைத்தாலும் முழுவதும் போவதில்லை. காற்றுப் படும் இடத்தில் அவை எதுவும் செய்யாமல் கிடக்கும். எண்ணெய் ஊற்றியதும் காற்று அடைபடுகிறது; பூண்டில் ஈரமும் இருக்கிறது, புளிப்பும் இல்லை; நம் ஊரின் வெப்பமும் சேர்ந்துவிட்டால், அந்த வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரப்பதற்கு வேண்டிய அனைத்தும் அந்தப் போத்தலுக்குள் அமைந்துவிடுகின்றன. நுரை, நாற்றம், நிறமாற்றம் என்று எந்த அடையாளமும் இல்லாமலேயே நஞ்சு இருக்கக்கூடும். நிறமும் வாசமும் மாறவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இது ஏட்டளவில் சொல்லும் எச்சரிக்கை அன்று. 1985ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலிசம் என்னும் இந்த நச்சுநோய் வந்தது. 1989இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேலும் மூவருக்கு வந்தது. அதன் பிறகுதான் கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டாயப்படுத்தியது. புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் எண் 4.6க்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிரி வளராது. பேரங்காடியில் வாங்கும் பூண்டு விழுதின் சீட்டில் சிட்ரிக் அமிலமோ அசிட்டிக் அமிலமோ குறிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

போத்தலை முகர்ந்தோ சுவைத்தோ பார்க்காமல், மூடியோடு இரண்டு பைகளில் கட்டி எறிந்துவிடுங்கள். அது இருந்த தட்டைக் குளோரின் கலந்த நீரால் துடைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறிகுறிகள் பெரும்பாலும் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சிலருக்குப் பத்து நாள் வரை ஆகலாம். ரசம் சாப்பிட்ட யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிவது, கண்ணிமை தானாகச் சரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்கச் சிரமப்படுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்டதையும் மறவாமல் சொல்ல வேண்டும். எந்தக் குறையும் இல்லையென்றால் அச்சப்பட வேண்டியதில்லை.

இனி எண்ணெயில் வேண்டும் என்றால், கொஞ்சமாகச் செய்து உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் அரைக்கும் இஞ்சி பூண்டு விழுதையும் இதே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். முளைவிட்ட பூண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், அதில் கெடுதல் எதுவும் இல்லை. பல்லை நெடுக்காகப் பிளந்தால் நடுவில் பச்சைத் தண்டு தெரியும். கசப்பு அதில்தான் மிகுதி, அதைக் கிள்ளி எடுத்துவிட்டால் போதும். பல் சுருங்கி ரப்பர்போல் ஆகியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பூசணம் அப்படியன்று. பொடி படிந்த பல்லையும் அமுங்கும் பல்லையும் எறிந்துவிடுங்கள், வெட்டிச் சீராக்கிப் பயன்படுத்த வேண்டாம். அதே பூண்டில் தோல் உலர்ந்து, சதை கல்லுப்போல் கெட்டியாக, எந்தப் புள்ளியும் இல்லாமல் இருக்கும் பல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பத்தியச் சமையலுக்கு என்றால் பூசணம் கண்ட பூண்டை முழுவதுமாக விலக்கிவிடவே நான் சொல்வேன்.

கிராம்பு எழுதுகிறார்:

குளிர்பதனப் பெட்டியில் ஏன் முளைத்தது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பூண்டு குளிர்காலத்தைக் கடந்து துளிர்க்கும் பயிர். ஏறத்தாழ 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரையிலான குளிர் அதற்கு ‘உறங்கியது போதும்’ என்று சொல்லும் அடையாளம், நம் வீட்டுக் காய்கறித் தட்டின் குளிரும் ஏறக்குறைய அதுதான். வணிகக் கிடங்குகளில் பூண்டைப் பூச்சியம் பாகையிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ, 60 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பதால் அது ஒன்பது மாதங்களுக்கு மேலும் தாங்குகிறது. வெளியே, 20 முதல் 30 பாகையில், ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை வைக்கலாம்.

சிங்கப்பூரில் சிக்கல் வெப்பத்தைவிட ஈரத்தால்தான் வருகிறது. இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும்; விடியற்காலையில் 90க்கு மேல் போய், மழையில்லாத பிற்பகலில்தான் 60க்கு இறங்குகிறது. ஆகவே ஊரில் பரணில் வைத்த கணக்கு இங்கே பொருந்தாது. குளிரூட்டி ஓடும் அறையில் கூடையை வைத்தால் ஈரம் குறைவாக இருக்கும். வெந்தயம் அக்கா சொன்ன மின்விசிறியும் நல்ல ஏற்பாடுதான்.

மலைப்பூண்டு இயல்பாகவே நாள்பட இருக்கக்கூடியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் பற்றிச் சொல்லும்போது காரத்தோடு இந்தத் தாங்கும் தன்மையையும் சேர்த்தே சொல்வார்கள். அப்படிப்பட்ட பூண்டே உங்கள் வீட்டில் ஐந்து வாரத்தில் கெட்டது என்றால், துணி காயும் அந்த மூலையைத்தான் நானும் குறை சொல்வேன்.

மிஞ்சிய நல்ல பூண்டை இப்போதே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உரித்த பற்களைக் கழுவாமல், ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு காற்றை அழுத்தி வெளியேற்றிய பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். பல மாதங்கள் இருக்கும். உறைந்த பல் இளகியதும் தொளதொளவென்று ஆகிவிடும், முழுப்பல்லாகக் குழம்பில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் அரைக்கவும் வதக்கவும் பாலில் வேகவைக்கவும் மிக நன்றாக இருக்கும். விழுதாக வேண்டுமென்றால், அரைத்த உடனே பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, சமையலுக்கு ஒரு கட்டியை எடுத்து நேரே சூடான எண்ணெயில் போடலாம்.

வெந்தயம் எழுதுகிறார்:

சமையற்கூடம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, ஊரிலிருக்கும் என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அம்மா பச்சைப் பூண்டைப் போடவில்லையாம். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டக் கிளறிய ஊறுகாய் அது. சின்ன வயதில் சாடியைத் திறந்து பார்த்தவளுக்கு மேலே நின்ற எண்ணெய்தான் நினைவிருக்கிறது, அடியில் இருந்த புளி மறந்துபோயிற்று. நான் தவறாக வழிகாட்டிவிட்டேன் தங்கச்சி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி எழுதுகிறார்:

அக்கா, நீங்கள் அக்கறையோடுதான் சொன்னீர்கள், வருத்தப்பட வேண்டாம். போத்தலை நேற்றிரவே இரண்டு பைகளில் கட்டி எறிந்துவிட்டேன். ரசம் சாப்பிட்டது நானும் கணவரும் மட்டுமே. மகள் அன்று வரவில்லை. சாப்பிட்டு ஒன்பது நாள் ஆகிறது, இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும் தம்பி எழுதிய அறிகுறிகளைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

வலைப்பையில் இருந்ததில் நானூறு கிராம் அளவுக்குத்தான் தேறியது. முளைவிட்டதில் கெட்டியாக இருந்தவற்றை உரித்து, தண்டைக் கிள்ளி, இன்று காலை ஃபிரீசரில் பரப்பிவிட்டேன். பூண்டுக் குழம்புக்கு மட்டும் பல் முழுசாக இருந்தால்தான் மகளுக்குப் பிடிக்கும். அதற்கு எவ்வளவு புதிதாக வாங்கி வைக்கலாம்?

கிராம்பு எழுதுகிறார்:

வாரத்துக்குக் கால் கிலோ போதும் அம்மா. பிரசவம் முடிந்து மகள் வீட்டுக்கு வந்த பிறகு வாங்கத் தொடங்குங்கள். தேக்காவுக்குப் போய்வர அப்போது நேரம் இருக்காது என்றால், வீட்டில் யாரையாவது அனுப்பி, காம்பு காய்ந்து கெட்டியாக இருப்பதைப் பார்த்து எடுத்துவரச் சொல்லுங்கள்.