சிறுதானியக் குழுவுக்கான லோகோ: எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: இரண்டாமாண்டு_மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் காட்சித் தொடர்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் லோகோ வடிவமைப்பு எங்களுக்குத் தனித்தாள். உண்மையாகவே இயங்கிவரும் ஒரு சிறு நிறுவனத்துக்கு லோகோ வரைந்து தர வேண்டும் என்பது செய்முறைப் பணி. எங்கள் ஊருக்கு அருகில் கம்பு, தினை, வரகு ஆகியவற்றைக் கொண்டு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

எளிமை, நினைவில் நிற்றல், காலத்தால் பழையதாகாமை, எல்லா இடங்களிலும் பயன்படுதல், தொழிலுக்குப் பொருந்துதல் என்று ஐந்து கொள்கைகளை வகுப்பில் கற்பித்தார்கள். தேர்வில் கேட்டால் ஐந்தையும் என்னால் விளக்கி எழுத முடியும். வரைய உட்காரும்போதுதான் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. தொழிலுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கம்பங்கதிர், உரல், ஒரு பெண்ணின் கை, உதிக்கும் சூரியன் ஆகியவற்றை ஒரு வட்டத்துக்குள் வைத்து, விளிம்பில் குழுவின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வளைத்து எழுதினேன். கணினித் திரையில் அது நன்றாகவே இருக்கிறது. பேராசிரியர் அதைக் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கி அச்சிட்டுக் காட்டியபோது, கதிர் எது, கை எது என்று பிரித்தறிய முடியவில்லை. பாதியை எடுத்துவிட்டு வரும்படி சொன்னார்.

எந்தப் பாதியை என்பதுதான் என் கேள்வி. உரலை நீக்கினால் கையால் செய்த பண்டம் என்ற செய்தி போய்விடுகிறது. கதிரை நீக்கினால் சிறுதானியமே போய்விடுகிறது. ஒரு லோகோ, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டுமா? எதை வைத்து நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்?

பதில் 1: கோடும்_வெளியும்

வணக்கம் தங்கையே. சொல்லியே ஆக வேண்டியதில்லை. லோகோ அடையாளம் காட்டினால் போதும். விளக்கம் சொல்லப் பெயர், பொட்டலம், விளம்பரம் என்று வேறு இடங்கள் இருக்கின்றன.

பாரத ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய சின்னம் ஆலமரம். விழுதுவிட்டுப் பரந்து நிழல் தரும் மரம் என்பதால், பொருள் சொல்லும் சின்னமாக அது சிறப்பானதுதான். 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்த நீல வட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஒரு வட்டம், நடுவில் ஒரு சிறு வட்டம், அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடு என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. அதைச் சாவித் துளை என்று சிலரும், அகமதாபாத்தின் காங்கரியா ஏரியின் மேல்தோற்றம் என்று சிலரும் இன்றளவும் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுள் எது சரி என்று தெரியாதவர்கூடத் தெருமுனையில் அந்த வட்டத்தைக் கண்டால் வங்கியைக் கண்டுகொள்கிறார்.

உங்கள் முதல் வரைவுக்கு மிக நெருக்கமான ஒரு வரலாறும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்துக்கு 1976இல் ரொனால்டு வெய்ன் வரைந்த முதல் லோகோவில், நியூட்டன் மரத்தடியில் அமர்ந்திருப்பார். தலைக்கு மேல் ஒரு பழம் தொங்கும். சுற்றிலும் எழுத்துகள் கொண்ட சட்டகம் இருக்கும். பழைய புத்தகங்களில் வரும் செதுக்கோவியம் போன்ற அந்தப் படத்தைச் சிறிதாக்க முடியவில்லை. மறு ஆண்டே ராப் ஜானாஃப், அந்தக் காட்சி முழுவதையும் விட்டுவிட்டுப் பழத்தின் வெளிக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஒரு கடியைச் சேர்த்ததற்குக் காரணம், சிறிய அளவில் அதைச் செர்ரிப் பழம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதே. அந்தக் கடி அலங்காரத்துக்காக வரவில்லை. அது இல்லையென்றால் உருவம் வேறொன்றாகிவிடும் என்பதால் வந்தது. உங்கள் வரைவில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் இப்படியே கேளுங்கள்: இதை நீக்கினால் இந்த லோகோவை வேறு யாருடையதோ என்று எண்ணிவிடுவார்களா? சூரியனை நீக்கினால் யாருக்கும் ஐயம் எழாது. ஆகவே சூரியன் முதலில் போகட்டும்.

அடுத்ததாக, கதிரையும் உரலையும் பற்றி. கடைக்குச் சென்று சிறுதானியப் பொட்டலங்களை ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். கதிரும் உரலும் பலவற்றில் இருக்கும். எல்லோரிடமும் இருப்பது உங்கள் குழுவை அடையாளம் காட்டாது. அவர்களுடைய கைமுறுக்கில், விரல்களால் முறுக்கி முறுக்கிச் சுற்றிய அந்த இழையில், ஒரு நல்ல வடிவம் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இழையின் ஒவ்வொரு முறுக்கும் ஒரு தானிய மணியின் வடிவில் அமைந்தால், கை, தானியம், பண்டம் ஆகிய மூன்றும் ஒரே உருவத்தில் அடங்கிவிடும். இரண்டு கருத்துகளை அருகருகே அடுக்குவதும், ஒரே கோட்டில் இரண்டையும் வாழவைப்பதும் முற்றிலும் வேறுபட்ட பணிகள். பின்னதற்குத்தான் உழைப்பு தேவை. 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டில், தேவநாகரியின் ‘ர’கரமும், இடப்பக்க நெடுங்கோடு நீங்கிய ரோமன் ‘R’ எழுத்தும் ஒரே வளைவைப் பகிர்ந்துகொள்கின்றன. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறேன்.

பொருந்துதல் என்ற கொள்கையைப் பொருளைப் படமாக வரைய வேண்டும் என்று புரிந்துகொள்ளாதீர்கள். அது தொனியைப் பற்றியது. கோடு தடிமனா மெல்லியதா, மூலைகள் கூர்மையா வளைவா என்பதிலேயே அது வங்கியா தின்பண்டமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நினைவில் நிற்றல் என்பதும் வடிவத்தால் மட்டும் வருவதன்று. போர்ட்லேண்டு மாநிலப் பல்கலைக்கழக மாணவியாக இருந்த கரோலின் டேவிட்சன், 1971இல் 35 டாலருக்கு வரைந்து கொடுத்த நைக்கி நிறுவனத்தின் வளைகோடு, அதைப் பெற்றுக்கொண்ட, நிறுவனர்களுள் ஒருவரான ஃபில் நைட்டுக்கே அன்று பெரிதாகப் பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் காலணிகளில் மாறாமல் இடம்பெற்ற பிறகே உலகம் அதை அறிந்தது.

பதில் 2: சிவகாசி_அச்சகத்தார்

மேலே அண்ணன் சொன்னவற்றோடு, அச்சு இயந்திரத்தின் பக்கம் நின்று பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதல் வரைவைக் கறுப்பு ஒன்றிலேயே முடியுங்கள். நிறத்தைக் கடைசியில் சேருங்கள். சிறு குழுவின் லோகோ முதலில் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள்: பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, பாலித்தீன் பையின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர், அட்டைப் பெட்டி. இவற்றுள் பெரும்பாலானவை ஒற்றை நிறம். காகிதத்தில் மை சற்றுப் பரவும். பிளாஸ்டிக்கில் இன்னும் பரவும். ரப்பர் ஸ்டாம்பில் கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோட்டை நம்பவே கூடாது. இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் அதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகிவிடும். நிறம் படிப்படியாக மங்கும் கிரேடியன்ட் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒழுங்காக வராது. திரையில் மின்னுகிற பச்சையும் ஆரஞ்சும் நான்கு நிற அச்சில் மங்கித்தான் வரும்.

உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1961இல் அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தபோது, கறுப்பு வெள்ளையிலேயே எடுப்பாகத் தெரியும், அச்சுச் செலவும் குறையும் என்பது காரணங்களில் ஒன்று. ஐபிஎம் நிறுவனத்தின் கோடுபோட்ட எழுத்துகளை 1972இல் பால் ராண்ட் உருவாக்கியபோது, எட்டுக் கோடுகள் கொண்ட வடிவத்தோடு பதின்மூன்று கோடுகள் கொண்ட இன்னொன்றும் இருந்தது. எல்லா இடங்களுக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது என்பதைப் பெரிய நிறுவனங்களும் அறிந்தே செயல்பட்டிருக்கின்றன. நீங்களும் மிகச் சிறிய அளவுக்கென ஒரு தனி வடிவத்தைத் தயாரித்துவிடுங்கள்.

உணவுப் பொட்டலம் என்பதால் இன்னொன்று. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னம், 14 இலக்க உரிம எண் ஆகிய அனைத்தும் அதே லேபிளில் இடம்பெற வேண்டும். எனவே பச்சை நிறச் சதுரத்துக்குள் வட்டம் என்ற அமைப்பை லோகோவில் அறவே தவிர்த்துவிடுங்கள். லோகோவை, எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டார் கோப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் போட முடியாமல் இங்கே நாங்கள் படும் பாடு கொஞ்சமன்று.

பதில் 3: எழுத்துருப்_பிரியை

இருவரும் உருவத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள். எனக்கு உங்கள் எழுத்துகளைப் பற்றித்தான் கவலை. வட்டத்தின் விளிம்பில் பெயரை வளைத்து எழுதும் பழக்கம், ஒரே உயரத்தில் நிற்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் பொருந்தியது. தமிழில் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் கொக்கிகள் மேலே எழும். ‘ஞ’, ‘ழ’ போன்றவை கீழே இறங்கும். ‘ணை’ ஒன்றே இரண்டு மூன்று எழுத்துகளின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். வளைத்தவுடன் மேல்பக்கம் விரிந்து கீழ்பக்கம் நெருங்குவதால் சொல்லே உடைந்து தெரியும். பெயரை உருவத்துக்குக் கீழே நேர்கோட்டில் வையுங்கள்.

தமிழ் எழுத்தின் உயிர் அதன் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது. தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கினால் ‘ண’வின் சுழிகள்தாம் முதலில் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி அடுத்து மறையும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். ஆகவே எழுத்துருவில் இருப்பதை அப்படியே விட்டுவிடாமல், புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள், சுழிகளைச் சற்றுத் திறந்துவிடுங்கள். வெற்றிடத்தைப் பார்க்கப் பழகியவருக்கு அது தரும் பரிசுகளும் உண்டு. 1994இல் லிண்டன் லீடர் ஃபெடெக்ஸ் லோகோவை வடிவமைத்தபோது, கடைசி இரண்டு எழுத்துகளுக்கு இடையே தோன்றும் அம்புக்குறி சரியாக அமைவதற்காக, இரண்டு எழுத்துருக்களின் இயல்புகளைக் கலந்து எழுத்துகளையே புதிதாக வரைந்தார். தமிழில் இத்தகைய முயற்சிகள் இன்னும் ஏராளமாக வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி கேட்டவர்: இரண்டாமாண்டு_மாணவி

மூவருக்கும் நன்றி. கைமுறுக்கு இழையை இன்று பென்சிலால் வரைந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. குழுவில் உள்ள அம்மாக்களுக்கு உரலும் கதிரும் கட்டாயம் வேண்டும். அது அவர்களுடைய உழைப்பு; வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பதில் 4: கோடும்_வெளியும்

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் முதல் வரைவைத் தூக்கி எறியாதீர்கள். அதிலிருந்து வட்டத்தையும் எழுத்தையும் நீக்கிவிட்டால், பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு அழகான ஓவியம் ஒன்று கிடைத்துவிடும். உரலும் கதிரும் கையும் அங்கே பெரிதாகவும் வண்ணத்திலும் இருக்கட்டும். லோகோ முன்பக்கத்தில் தனியாக, தன்னைச் சுற்றிப் போதிய வெற்றிடத்தோடு நிற்கட்டும்.

அம்மாக்களைச் சந்திக்கும்போது கணினியைக் கொண்டு செல்லாதீர்கள். மாதிரி ஸ்டிக்கரை அவர்களுடைய பையிலேயே ஒட்டி எடுத்துச் சென்று, மற்ற நிறுவனங்களின் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரைவையும் அதே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள். எது தங்களுடையது என்று முதலில் கண்ணில் படுகிறது என்பதை அவர்களே சொல்லட்டும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை, படத்தோடு, இதே உரையாடலில் பதிவிடுங்கள்.