ஊரிலிருந்து வரும் எக்ஸெல் ஃபைல் பிரான்சில் ஏன் குழம்புகிறது?

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்கள் வரி கட்டும் முதல் வருஷமே மாட்டிக்கொள்ளும் இடம் இது. லாஸ்பேட்டை வீட்டு வாடகைக் கணக்கை ஊர் ஆடிட்டர் சி.எஸ்.வி. ஃபைலாக மெயிலில் அனுப்புவார். டபுள் கிளிக் செய்தால் தேதி, பெயர், தொகை மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னாலும் அதேதான் வரும்.

சி.எஸ்.வி. வெறும் எழுத்து. அதை எந்தக் குறியில் பிரிப்பது என்பதைத் திறக்கிற கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. நம்மூரில் கமாவில் பிரிக்கும். பிரெஞ்சு விண்டோஸில் கமா தசமப் புள்ளியின் வேலைக்குப் போய்விட்டது, அதனால் அரைப்புள்ளியைத் தேடும். அது இல்லாததால் முழு வரியும் ஒரே கட்டத்தில் விழுகிறது.

சி.எஸ்.வி.யை டபுள் கிளிக் செய்யவே வேண்டாம். முதலில் டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். காலி எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, 'தொனே' (Données, அதாவது டேட்டா) என்ற டேபில் டெக்ஸ்ட் அல்லது சி.எஸ்.வி. ஃபைலிலிருந்து எடுக்கும் பட்டனை அழுத்துங்கள். வரும் ஜன்னலில் மூன்று இடத்தை மாற்ற வேண்டும். எழுத்துமுறைக்கு 65001, அதாவது யு.டி.எஃப்-8. பிரிக்கும் குறிக்குக் கமா. டேட்டா வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்ற தேர்வு மூன்றாவது, அதுதான் முக்கியம். பிறகு டேட்டாவை மாற்றும் பட்டனை அழுத்தி, தொகை இருக்கும் நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, வகையை 'ஆங்கிலம், இந்தியா' என்ற வட்டார அமைப்போடு தசம எண்ணாக மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் 1,20,000.00 என்பது இங்கே எண்ணே இல்லை, வெறும் எழுத்து. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கும், கூட்டிப் பார்த்தால் 0 வரும்.

மூன்றாவது தேர்வு ஏன் முக்கியம் என்றால், எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக எடுத்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கட்டத்தில் 'இ+15' என்று தெரிந்தால் அதுதான் அறிகுறி. அப்படியே சேமித்தால் அந்த இலக்கம் போனது போனதுதான், மெயிலில் இருக்கும் மூல ஃபைலைத்தான் திரும்ப எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்கைத் தெரிவிக்கும் 3916 படிவத்தில் இந்தத் தப்பு எண் ஏறிவிடக் கூடாது.

ஆடிட்டரிடம் 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸாவே அனுப்புங்க சார், அக்கவுண்ட் நம்பரை டெக்ஸ்டா வைங்க' என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீரும். அந்த வகை ஃபைலில் எண் எண்ணாகவே இருக்கும், சம் ஃபார்முலாவும் இங்கே தானாக 'சோம்' ஆகிவிடும். கூடவே ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கைக் கேளுங்கள். அவர் ஏப்ரல்–மார்ச்சுக்குப் போட்டிருப்பார், வெளிநாட்டு வருமானத்துக்கான 2047 படிவத்துக்கு அது பொருந்தாது.

— அண்ணா, தொகையெல்லாம் சரியா வந்துடுச்சு. குடியிருக்கிறவங்க பேரு மட்டும் தமிழ்ல வரல. ஏதேதோ எழுத்தா இருக்கு.

எந்த மாதிரி எழுத்து என்று பாருங்க தம்பி. தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் 65001 விட்டுப்போயிருக்கும். அதை மாற்றினால் தமிழ் வந்துவிடும். சாதாரண ஆங்கில எழுத்துகளே கன்னாபின்னாவென்று கலந்து இருந்தால், ஊரில் பாமினி மாதிரி பழைய ஃபான்டில் அடித்திருக்கிறார்கள். அந்த ஃபான்டை நிறுவி, பெயர் இருக்கும் கட்டங்களுக்கு அதையே தேர்ந்தெடுத்தால் படிக்கலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது.

எக்ஸெலே வராமல் 'வின்மெயில்.டாட்' (winmail.dat) என்று ஒரு இணைப்பு மட்டும் வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் ரிச் டெக்ஸ்டில் அனுப்புகிறது. எச்.டி.எம்.எல்.லுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிரைவில் போட்டு லிங்க் கொடுக்கச் சொல்லுங்கள்.