கேமராவுக்கு வசூல்: ஞாயிறு கூட்டத்துக்கு முன்னாடி பேசி முடிக்க வேண்டியது

(தண்டையார்பேட்டை, நம்ம தெரு குரூப்)

கலா (சங்கச் செயலாளர்): வணக்கம். தெருவுக்கு 8 கேமரா, முனைக்கு ரெண்டு பேரிகேட் வாங்கிக் குடுக்க முடியுமான்னு ஸ்டேஷன்ல கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வீடு வசூல் பண்றதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரைட்டர் மாமா (ஸ்டேஷன் எழுத்தர்): கலா, காசா யார் கையிலயும் குடுக்காதம்மா. சங்கம் பேர்ல பில் போட்டு பொருளா வாங்கு. துணை ஆணையருக்கு ஒரு கடிதம், இன்ஸ்பெக்டருக்கு நகல். அதுல பொருள், சீரியல் நம்பர், எங்க மாட்டுறது, ரிப்பேர் யார் பொறுப்பு, எல்லாம் வரணும். ஸ்டேஷன்ல ஒப்படைக்கிற பொருளை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லி, பக்க நம்பரோட கையெழுத்தும் சீலும் வாங்கிடு. இன்ஸ்பெக்டர் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டா அடுத்து வர்றவருக்கு இந்தப் பொருள் வந்ததே தெரியாது.

முருகேசன்: மாமா, போலீசுக்கு அரசாங்கமே காசு ஒதுக்குதே, நாம ஏன் குடுக்கணும்?

ரைட்டர் மாமா: ஒதுக்குது. மாநில பட்ஜெட்ல மானியக் கோரிக்கை எண் 22, காவல்துறை. கொள்கை விளக்கக் குறிப்பு தமிழ்லயே அரசு இணையதளத்துல இருக்கு, படிச்சுப் பாரு. பெரும்பங்கு சம்பளத்துக்கே போயிடும். மத்திய அரசோட நவீனமயமாக்கல் திட்டத்துல 60 பங்கு மத்தியில இருந்து, 40 மாநிலம். ஆனா வாங்குறதுக்கு வர்ற பணம் வேற, வருஷா வருஷம் பராமரிக்கிற பணம் வேற. ரெண்டாவதை யாருன்னு எழுதி வைக்காத பொருள் கம்பத்துலயே செத்துத் தொங்கும்.

பாபு (கேமரா வேலை): மாமா சொன்னது நூத்துக்கு நூறு. கணக்கு சொல்றேன் அக்கா. 2 மெகாபிக்சல் கேமரா, எச்.265ல (வீடியோவைச் சுருக்குற முறை) நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வச்சா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 8 கேமராவுக்கு 173 ஜிபி. கடைக்காரர் 4 டிபி வட்டு (ஹார்ட் டிஸ்க்) போதும்பார், அது 23 நாள்ல நிரம்பி பழசு மேலயே எழுத ஆரம்பிக்கும். 30 நாள் வேணும்னா 6 டிபி. அதுவும் கேமராவுக்குன்னே வர்ற வட்டு. கம்ப்யூட்டர் வட்டு ராத்திரி பகல் எழுதறதைத் தாங்காது.

பாபு: அடுத்தது உப்புக் காத்து. காசிமேடு கடல் பக்கம்ல, ஜாயிண்ட்டை வெளிய விட்டா ஆர்ஜே45 (நெட் கேபிள் முனை) பின் பச்சை பூத்துடும், மழை வந்ததும் படம் விட்டு விட்டு வரும். ஜாயிண்ட் ஐபி66 பெட்டிக்குள்ள (தூசி, தண்ணி புகாத பெட்டி), கேபிள் கீழ்ப்பக்கமா நுழையணும், நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடணும், தண்ணி அங்கயே சொட்டிடும். கேபிள் முழு காப்பர் கேட் 6 (நெட் கேபிள் வகை) மட்டும். காப்பர் பூசின அலுமினியம் விலை குறைச்சல், ஆனா 60, 70 மீட்டர் தாண்டினா ராத்திரி ஐஆர் லைட் (இருட்டுல படம் தெரிய கேமராவுலயே இருக்குற லைட்) எரியுறப்போ வோல்டேஜ் இறங்கி கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகும். பகல்ல செக் பண்ணா நல்லாத்தான் இருக்கும், அதான் யாருக்கும் புரியாது.

கலா: வண்டி நம்பர் தெரியுமா பாபு? செயின் பறிப்புக்குத்தான் எல்லாரும் கேக்குறாங்க.

பாபு: சாதா கேமராவுல ராத்திரி தெரியாதுக்கா. ஹெட்லைட் அடிச்சா பிளேட் வெள்ளையா வெளுத்துடும். தெரு முனை ரெண்டுலயும் நம்பர் பிளேட்டுக்குன்னு தனி கேமரா, ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைக்கணும். மத்த 6 முகத்துக்கு, 10 அடி உயரம். 20 அடியில மாட்டினா மண்டைதான் தெரியும்.

தேவி (வக்கீல்): பாபு அண்ணே, ரெக்கார்டர் நேரம் தானா சரியாகுற மாதிரி நெட்ல இணைச்சிடுங்க. 10 நிமிஷம் தள்ளிப் போனாலே கோர்ட்ல குறுக்கு விசாரணையில பிடிச்சுக்குவாங்க. அக்கா, 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சியச் சட்டம். கேமரா பதிவை கோர்ட்ல சாட்சியமா குடுக்க பிரிவு 63(4) சான்றிதழ் வேணும், அது ரெண்டு பகுதி. முதல் பகுதியில கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து, ரெண்டாவதுல நிபுணர். ஃபைலோட ஹாஷ் மதிப்பும் (ஃபைலை மாத்தினா மாறிடுற அடையாள எண்) எழுதணும். அப்போ ரெக்கார்டர் யார் வீட்டுல இருக்கோ அவங்கதான் கையெழுத்து போடணும். ஞாயிறே அந்த ஆளை முடிவு பண்ணுங்க.

ரைட்டர் மாமா: பேரிகேட்ல நன்கொடை குடுத்தவங்க பேரை முழுசா எழுதி ஒளிரும் பட்டையை மறைச்சிடாதீங்க. ராத்திரி அதுலதான் பைக் மோதுது. பேர் கீழ சின்னதா போதும், பட்டை ரெண்டு பக்கமும் வேணும்.

தேவி: ஒண்ணு கேக்கணும். நம்ம முகத்தைப் படம் பிடிக்க நாம காசு போடுறோம். ஸ்டேஷனுக்கு உள்ள இருக்குற கேமரா ஓடுதா? 2020 டிசம்பர் 2ல உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்குல சொன்னது: வாசல், லாக்அப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம், எல்லா இடத்துலயும் கேமரா, குரலும் பதியணும், 18 மாசம் வைக்கணும். அவ்வளவு கொள்ளளவு கிடைக்கலைன்னாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. பராமரிப்புக்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. கேமரா இருக்குன்னு வாசல்ல உள்ளூர் மொழியில போர்டும் வைக்கணும்.

பாபு: 18 மாசம்னா ஒரு கேமராவுக்கே கிட்டத்தட்ட 12 டிபி. 15 கேமரா இருந்தா 175 டிபிக்கு மேல. ஒரு பெட்டி, ஒரு வட்டு மட்டும் இருக்குற ஸ்டேஷன்ல அது நடக்கவே நடக்காது.

தேவி: வட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லாமப் போகும் அண்ணே. 2020ல சாத்தான்குளத்துல விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கையிலயே இருக்கு. 1 டிபி வட்டுல போதுமான இடம் இருந்தும், தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. ஜெயராஜ், பென்னிக்ஸ் ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல இருந்த நேரத்துப் பதிவு அப்படித்தான் போச்சு.

முருகேசன்: இதைக் கேட்டா நம்ம மேல கோவப்பட மாட்டாங்களா?

ரைட்டர் மாமா: கடிதமா கேளு, சண்டையா கேக்காத. ஒழுங்கா வேலை பாக்குற போலீஸ்காரனுக்கும் அந்தக் கேமராதான் பாதுகாப்பு, பொய்ப் புகார் வந்தா அதுதான் காப்பாத்தும்.

முருகேசன்: புகார்னா யாருகிட்ட போறது தேவி?

தேவி: ஸ்டேஷன்ல அடி, காயம்னா மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் இல்ல, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அவங்க கேமரா பதிவை வரவழைக்கலாம். அதுக்கு முன்னாடியே தேதி, நேரம் போட்டு "பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்"னு பதிவுத் தபால் அனுப்பிடுங்க. போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்க காவல்துறை புகார் ஆணையம்னு ஒண்ணும் இருக்கு. 2006ல உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்குத் தீர்ப்புல மாநில அளவுல ஓய்வு பெற்ற நீதிபதி தலைமைன்னு சொன்னாங்க, தமிழ்நாட்டோட 2013 காவல் சீர்திருத்தச் சட்டத்துல உள்துறைச் செயலாளர் தலைமை. இதை என்னால ஏத்துக்க முடியல. துறையைப் பத்தின புகாரை துறைக்கு மேல உக்காந்திருக்குறவங்களே விசாரிக்கிறது சரியில்ல.

தேவி: ஸ்டேஷன் கேமரா பத்தி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு வாசகம் எழுதிட்டேன். "கேமரா ஏன் ஓடல"ன்னு கேட்டா, விளக்கம் தர வேண்டியதில்லைன்னு திருப்பிடுவாங்க. பதிவு கேட்டா விசாரணை பாதிக்கும்னு அந்தச் சட்டத்தோட பிரிவு 8(1)(எச்) காட்டுவாங்க. அதனால ஆவணமா கேக்குறோம்: (1) நிலையத்துல உள்ள கேமராக்களின் எண்ணிக்கை, இடம் பட்டியல். (2) சேமிப்புக் கொள்ளளவு. (3) கடந்த 12 மாசப் பராமரிப்புப் பதிவேட்டின் நகல். (4) பழுதுன்னு மேலதிகாரிக்கு அனுப்பின கடிதங்களின் நகல். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

கலா: ஸ்டாம்ப் நான் வாங்கிடுறேன் தேவி. பாபு, ரிச்சி ஸ்ட்ரீட்ல மூணு கடை கொட்டேஷன் வாங்கு. கேமராவுக்கு எஸ்டிக்யூசி சான்று (மத்திய அரசு அமைப்போட தரச் சான்று) இருக்கான்னு பாரு. மூணு வருஷ பராமரிப்புச் செலவைத் தனி வரியா போடச் சொல்லு. அதையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லுவேன், அதுக்கு முன்னாடி யாரும் ஜிபே பண்ண வேணாம்.

பாபு: சரிக்கா. இன்வெர்ட்டரும் சேர்த்துக்குறேன், கரண்ட் போற நேரம்தான் திருடன் வர்ற நேரம்.