ஊர்ப் பள்ளிக்குப் பீரோ கொடுப்பதா, பிள்ளையை அனுப்புவதா?

குளத்துக்கரை எழுதியது:

புதுக்கோட்டைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 19 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர் இரண்டு பேர். நான் படித்தபோது உள்ளே இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு நடக்கும். போன மாதம் ஊரே சேர்ந்து பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டு போனோம். மேளம், தாம்பாளத்தில் நோட்டு பென்சில், தலைச்சுமையாக நாற்காலி, நாலு பேர் தூக்கிய பீரோ, தாய்மாமன் சீர் வரிசை மாதிரியேதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வருகிறது, காலையில் தட்டு தூக்கியவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் அதிலிருந்து இறங்குகிறார்கள். என் மகனும் இறங்கினான். யுகேஜி.

வரும் ஜூனில் அவனை ஒன்றாம் வகுப்புக்கு ஊரிலேயே சேர்க்கலாமா என்று கேட்டால் வீட்டுக்காரர் முறைக்கிறார், "நம்ம பிள்ளையை வைத்தா சோதனை பண்ணுவாய்?" என்கிறார். பள்ளிக்கு உண்மையிலேயே உதவுவது எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் பள்ளிக்கு வந்த சீரில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு. அதே வருஷம் தண்ணீர் மோட்டார் புகைந்துபோய் பதினோரு நாள் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தோம், பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் காயில் கட்டுவதற்கு ஆன செலவு ஒரு கடிகாரத்தின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் அதைத் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுவர முடியாது இல்லையா. கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபினாயில், குழாய்த் திருகு, துப்புரவு அக்காவுக்கு மாதாமாதம் ஊர் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தொகை, இந்த மாதிரிதான் நாங்கள் சொல்வோம்.

அப்புறம் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாவது பணியிடம். பிள்ளை குறைவதால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இல்லாததால் பிள்ளை குறைகிறது, இந்தச் சுழலில் எங்கே கை வைப்பது என்று எங்களுக்கே தெரியாது. இன்னொரு ஓட்டை, நாங்கள் சேர்ப்பது ஐந்து வயதில், வேன் மூன்று வயதிலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது. 2019ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி யுகேஜி தொடங்கினார்கள், நல்ல காரியம், ஆனால் மாநிலம் முழுக்க இருக்கும் ஊர்களுக்கு அது எந்த மூலைக்கு?

மேலாண்மைக்குழு அம்மா:

தோழி, நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 2022ல் குழுவைப் புதிதாக அமைத்தபோது "பேருக்குத்தான், கையெழுத்துப் போட்டால் போதும்" என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார்கள். குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அது தெரியாமல் ஆறு மாதம் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டேன். கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு, நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? ஆறு மணிக்கு மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன், தலைமையாசிரியர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார், மூன்று பேர் வந்த கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள்.

சுற்றுச்சுவர் கேட்டு அங்கே போட்ட தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் எட்டு பெண்கள் எழுந்து நின்று வாசித்தோம். சுற்றுச்சுவர் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காலனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளைகளுக்கு ஷேர் ஆட்டோ வந்தது. வாடகையில் பாதி ஊர்ப் பணம், பாதி வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்புவது. அந்த ஒரு ஆட்டோவால் அடுத்த வருஷம் ஒன்பது பேர் கூடினார்கள். காலை உணவு சமைப்பது எங்கள் மகளிர் குழுப் பெண்கள்தான், எட்டேகாலுக்கு யாராவது ஒரு அம்மா போய் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு வருவோம். ஒருநாள் கிச்சடியில் உப்பே இல்லை, சமைத்தவள் என் நாத்தனார், வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பெரியநோட்டு:

எல்லாம் சரி, நான் சுட்டுக்கொண்டவன், மறுபக்கத்தையும் கேளுங்கள். கொள்கையோடுதான் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர், அதில் ஒருவர் பயிற்சி, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பிள்ளைகள் விவரம் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல் வேலை என்று பாதி நாள் வெளியே. மூன்றாம் வகுப்பு முடியும்போது என் பெண் 'தொ' எது 'தௌ' எது என்று தடுமாறினாள். மாற்றிவிட்டேன், எனக்கு வெட்கம் இல்லை. அந்த டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவர் என்ன செய்வார். ஆனால் வீட்டில் தினமும் அரை மணி நேரம் உட்கார வைக்க ஆள் இல்லை என்றால் யோசித்து இறங்குங்கள்.

பென்ஷன் தாத்தா:

தம்பி சொல்வது பொய்யில்லை. நான் ஒரு பழைய கதை சொல்கிறேன். காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர், 1958ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, மணி, சீருடைத் துணி, இடம்கூட எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கல்விச்சீருக்கு அதுதான் பாட்டன். ஒரே வித்தியாசம், அன்றைக்குப் பெஞ்சு கொடுத்தவர் வீட்டுப் பிள்ளையும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தது, ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் மறுநாளே சுத்தியலோடு வந்து நிற்பார்.

அந்த அரை மணி நேரத்துக்கு என்னைப் போல வேலையில்லாத கிழவன் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறான். கோயில் மண்டபத்தில் விளக்கு இருக்கிறது. கேட்டுத்தான் பாருங்களேன்.

குளத்துக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பெரியநோட்டு அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், "பார்த்தாயா" என்றார். ஆட்டோ கதையையும் படித்தேன், பதில் இல்லை. எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் பேசினேன், தனியாகச் சேர்க்கத்தான் எல்லோருக்கும் பயம், நாலு பேரும் ஒன்றாகப் போவதென்றால் சரி என்கிறார்கள். அதில் ஒரு பெண் இப்போது வேன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, ஃபீஸ் பாக்கி இருக்கிறது, டிசி தரமாட்டோம் என்கிறார்களாம். என்ன செய்வது?

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

எட்டாம் வகுப்பு வரைக்கும் டிசி தாமதமாகிறது என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, சட்டத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் அப்படித்தான். 2024லும் 2025லும் மார்ச் முதல் தேதியே சேர்க்கை தொடங்கிவிட்டது, ஜூன் வரை காத்திருக்காதீர்கள். நாலு பிள்ளைகளையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் மோட்டார் ஓடுகிறதா என்றும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.