ஹாட் ஸ்டோன் மசாஜ் செய்பவருக்கு உடற்கூறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். ஆறு மாதமாக மசாஜ் படிக்கிறேன். சாதாரண மசாஜ் முடிந்து இப்போதுதான் ஹாட் ஸ்டோன் (சூடாக்கிய கற்களால் செய்யும் மசாஜ்) பாடம் தொடங்கியிருக்கிறது. உடற்கூறு புத்தகம் தலையணை கனம். 206 எலும்பையும் ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பேன். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் ஓரளவு வரும். ஆனால் கல்லைக் கையில் எடுத்த பிறகு இதெல்லாம் எதற்கு என்றே தெரியவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கூடப் படிக்கும் பெண்ணைக் குப்புறப் படுக்க வைத்துப் பயிற்சி செய்தோம். ஹீட்டரிலிருந்து கல்லை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது. முதுகில் ஆறு கல் வைத்தேன். அதில் ஒன்று மட்டும் தோள்பட்டை எலும்பில் குறுக்கே ஓடும் மேட்டில் உட்கார்ந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, "அந்த ஒண்ண எடு, எடு" என்றாள். எடுத்துப் பார்த்தால் கல்லின் வடிவத்திலேயே தோல் சிவந்திருந்தது. நல்லவேளை, கொப்புளம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் சிவப்பு போய்விட்டது.

ஆறும் ஒரே பாத்திரத்தில் கிடந்த கற்கள். ஐந்து சுடாமல் ஒன்று மட்டும் ஏன் சுட்டது? அப்புறம், இந்த வேலைக்கு உடற்கூறில் உண்மையிலேயே எதைப் படிக்க வேண்டும்?

பதில் 1

14 வருடமாக இதே வேலை. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: சூடு எங்கே போகிறது என்று பாருங்கள்.

கல்லிலிருந்து இறங்கும் சூடு தோலிலேயே தேங்கி நிற்பதில்லை. ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சாதாரண அறையில் தோலின் வெப்பம் 33 டிகிரி அளவில் இருக்கும். மேலே கல் வந்ததும் முதல் சில நிமிடங்களில் அங்குள்ள நரம்பு நுனிகளே பக்கத்து ரத்த நாளங்களை விரியச் செய்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து நாளங்களின் உட்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து அந்த விரிவை நீடிக்க வைக்கிறது. நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு அதுதான். அந்தச் சிவப்பு வருகிறது என்றால் சூடு வெளியேற வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது உங்கள் தோழியின் முதுகுக்கு வாருங்கள். ஐந்து கல் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் எரெக்டர் ஸ்பைனே தசையின் மேல் இருந்திருக்கும். தடித்த தசை, நிறைய ரத்தம். ஆறாவது கல் இருந்த இடத்தில் தோல், அதற்கடியில் கொஞ்சம் இழை, உடனே எலும்பு. அள்ளிக்கொண்டு போக அங்கே ரத்தம் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் கல்லின் எடை எலும்போடு சேர்த்து அழுத்தி நசுக்கிவிட்டது. அதனால் சூடு போக இடமில்லாமல் தோலிலேயே நின்றுவிட்டது.

இதே கணக்கு முதுகெலும்பின் நடுமுள், இடுப்பெலும்பின் விளிம்பு, முழங்கால் சில்லு, கணுக்கால், கெண்டைக்கால் முன்பக்க எலும்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். புத்தகத்தில் எலும்பு படத்தைத் திறந்து, தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கறுப்பாக்குங்கள். 206 பெயரை ஒப்பிப்பதைவிட அது உபயோகமான வேலை.

முதுகுக்கு அடியில் கற்களை வரிசையாக அடுக்கி அதன்மேல் ஆளைப் படுக்க வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கும் காரணம் இதேதான். முழு உடம்பின் எடையும் கல்லின் மேல். ரத்தம் நசுங்கும், கல் ஆறாது, கீழே என்ன நடக்கிறது என்று நம் கண்ணுக்கும் தெரியாது. யார் கேட்டாலும் நான் செய்வதில்லை.

அடுத்தது உங்கள் உள்ளங்கை. அதை வைத்துச் சூடு பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் மேல்தோல் 1.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். கண்ணிமையில் அது 0.05 மில்லிமீட்டர்தான். முதுகுத் தோலும் உங்கள் கையைவிட ரொம்ப மெல்லியது. போதாததற்கு நாள் முழுக்கச் சுடுகல்லோடு புழங்கும் கை பழகிப்போகும். எனக்கு இப்போது எந்தக் கல்லும் சுடுவதில்லை, அதனாலேயே என் கையை நான் நம்புவதில்லை. தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுவிடுங்கள். துடைத்த கல்லை முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்களையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வேகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். 44 டிகிரியில் சுமார் ஆறு மணி நேரம் ஆகிறது. 60 டிகிரியில் ஐந்து வினாடி போதும். நடுவே 16 டிகிரி வித்தியாசம்தான். ஹீட்டரில் 50 முதல் 55 டிகிரி வைக்கச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பயப்பட வேண்டாம், அவர்கள் அளந்தது சூடு குறையாமல் விட்ட நிலையில். நம் கல் தோலைத் தொட்ட நொடியிலிருந்து ஆறத் தொடங்குகிறது, நாமும் அதை நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். ஆனால் நகர்த்துவதை நிறுத்தினால் அந்தச் சலுகை போய்விடும். ஓடும் கல்லுக்குத் தாங்கும் சூடு, உட்கார்ந்த கல்லுக்குத் தாங்காது. உட்கார வைக்கும் கல்லுக்குக் கீழே துணி வேண்டும், அதுவும் கொஞ்சம் ஆறிய கல்லாக இருக்க வேண்டும்.

கடைசியாக என் சொந்தக் கதை. வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, மிக நல்ல மனுஷி. பாதத்தில் கல்லை வைத்தேன். "சூடே தெரியலையேம்மா, இன்னும் கொஞ்சம் சூடா வையேன்" என்றார். அவர் கேட்கிறாரே என்று ஹீட்டரின் அடியில் கிடந்த கல்லை எடுத்து வைத்தேன். "இப்போகூட லேசாத்தான் தெரியுது" என்றார். சிரித்துப் பேசிக்கொண்டே முடித்துவிட்டுப் போனார். மறுநாள் மகள் போன் செய்தார். பாதத்தின் குழிவில் எலுமிச்சை அளவு கொப்புளம்.

பத்து வருடமாகச் சர்க்கரை நோய் என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சர்க்கரை முதலில் கெடுப்பது நீளமான நரம்புகளின் நுனியை. அதனால்தான் கால் விரலில் தொடங்கி காலுறை போட்டதுபோல மேலே ஏறி வருகிறது மரத்துப்போவது. தோலில் 43 டிகிரி தாண்டும்போது சூட்டை வலியாக மாற்றும் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். அந்தப் புரதம் ஒழுங்காக இருந்தாலும் செய்தியைத் தூக்கிக்கொண்டு போகும் நரம்பு செத்திருந்தால் "சூடு தெரியலையே" என்றுதான் வாயில் வரும். அன்றிலிருந்து யாராவது அப்படிச் சொன்னால் கல்லைக் கீழே வைத்துவிடுவேன். பஞ்சால் ஒரு காலைத் தொட்டு, மறு காலைத் தொட்டு, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்பேன்.

பதில் 2

நான் செவிலியராக இருந்து இந்தப் பக்கம் வந்தவள். மேலே அக்கா சொன்னதோடு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

தோலில் ஒட்டும் மருந்து பேட்ச். கடுமையான வலிக்கு ஃபென்டனில் பேட்ச் போட்டிருப்பார்கள், நெஞ்சு வலிக்காரர்கள் சிலர் நைட்ரோகிளிசரின் பேட்ச். அதன்மேலோ பக்கத்திலோ சூடு பட்டால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். ஃபென்டனில் என்றால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து. "உடம்பில் எங்காவது பேட்ச் ஒட்டியிருக்கா?" என்று கேட்க ஐந்து வினாடி ஆகாது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் கல்லும் வேண்டாம், கையும் வேண்டாம். உள்சிரையில் ரத்தக் கட்டி இருக்கலாம். தேய்த்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும். மருத்துவரிடம் அனுப்புங்கள், அன்றே.

அப்புறம் எழுந்திருக்கும் நேரம். சாதாரணமாகவே படுத்தவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கம் இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருக்கும் அழுத்த உணரிகள் உடனே இதயத்தை விரட்டி, நாளங்களைச் சுருக்கிச் சரிசெய்கின்றன. ஒரு மணி நேரம் சூட்டில் இருந்தவரின் தோல் நாளங்கள் எல்லாம் விரிந்து கிடக்கும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு இதயமும் வேகம் எடுக்காது. தலை சுற்றிக் கீழே விழுவது மேஜையில் அல்ல, மேஜையிலிருந்து இறங்கும் அந்த ஒரு அடியில்தான். பக்கவாட்டில் திரும்பி உட்கார வையுங்கள், கால் தொங்கட்டும், இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள்.

பதில் 3

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. பெயர் தெரியாதவருக்கு இடம் தெரியாது. முழங்கால் பின்குழியில் டிபியல் நரம்பு மேலாகவும் பாப்ளிட்டியல் தமனி அதற்கு அடியிலும் ஓடுகின்றன. கழுத்தின் முன்பக்கம் கரோட்டிட் தமனி. முழங்கையின் உட்புறக் குமிழுக்குப் பின்னால் அல்னார் நரம்பு, இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே அது. அக்குளும் தொடை இடுக்கும் நரம்பும் நாளமும் கட்டுக்கட்டாகப் போகும் இடங்கள். இங்கெல்லாம் கல்லை வைத்து அழுத்தக் கூடாது என்று வகுப்பில் பட்டியல் தருவார்கள். கீழே என்ன ஓடுகிறது என்று தெரிந்தவருக்குப் பட்டியலே தேவையில்லை.

இன்னொன்று. "சூடு உடம்பில் உள்ள நச்சை எல்லாம் வெளியே இழுக்கும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொள்கின்றன.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று எலும்பு படத்தில் பென்சில் வேலை செய்தேன். காலின் முன்பக்கம் இவ்வளவு கறுப்பாக வரும் என்று நினைக்கவே இல்லை. தெர்மாமீட்டரும் போட்டுப் பார்த்தேன், டயலில் 50 என்று வைத்திருந்த ஹீட்டரில் தண்ணீர் 57!

அக்கா, ஒரு சந்தேகம். கொஞ்சம் பருமனான ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே, பிரிஃபார்மிஸ் தசை இறுகி வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எலும்பு மேடு இல்லை, சதை நிறைய. அங்கே கல்லை இன்னும் சூடாக வைக்கலாமா, ஆழமாக இறங்கட்டும் என்று?

பதில் 1

57 ஆ? முதலில் அந்த டயலின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

வைக்கக் கூடாது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மேலே வைக்கும் சூடு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். கொழுப்பு சூட்டைச் சுலபத்தில் கடத்தாது, ரத்த ஓட்டமும் அதில் குறைவு. பிரிஃபார்மிஸோ கொழுப்புக்கு அடியில், புட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்ஸிமஸுக்கும் அடியில் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு சூடாக வைத்தாலும் அதற்குப் போய்ச் சேராது. சேராத சூடு எல்லாம் மேல்தோலில்தான் நிற்கும். பருமனானவர்களின் தோல் மேலே சிவந்து உள்ளே ஒன்றும் நடக்காமல் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏன் இளகுகிறது என்று கேட்பீர்கள். மேல்தோலில் இதமான சூடு படும்போது அந்த உணர்வு தண்டுவடத்துக்குப் போய் வலிச் செய்தியை அங்கேயே மட்டுப்படுத்துகிறது. ஆள் மூச்சை நீளமாக விடத் தொடங்குவார், தசையின் இறுக்கம் தானாகத் தளரும். அதற்கு 57 டிகிரி தேவையில்லை, சொகுசாக இருந்தால் போதும். ஓடும் கல்லால் மேல் தசையை ஐந்து நிமிடம் தளர்த்துங்கள். பிறகு கல்லை ஓரமாக வைத்துவிட்டு முழங்கையால் மெதுவாக உள்ளே போங்கள். ஆனால் பிரிஃபார்மிஸின் அடியில் காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு வெளியே வருகிறது. கால் கீழே சுரீர் என்று இழுத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.