ரவிக்கைத் தையல்: வகுப்பு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர், வீட்டிலிருந்து வருமானம்

ஊசிநூல்_ஈசூன்:
வணக்கம். வயது 43, சிங்கப்பூர்க் குடிமகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கையில் சாதாரணத் தையல் இயந்திரம் இருக்கிறது. நேர்த்தையல் போட வரும். ரவிக்கை தைக்கக் கற்று, வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்க வேண்டும். பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை வகுப்புக்குப் பயன்படுத்தலாமா? வீட்டில் தொழில் செய்ய அனுமதி வாங்க வேண்டுமா? கூலி எப்படி வைப்பது?

வெட்டும்_அளவும்:
அக்கா, முதலில் பணம். 40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி, வேலைக்கு வழிகாட்டும் குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டும்தான். சமூக மன்றத் தையல் வகுப்புகள் பெரும்பாலும் பொழுதுபோக்கு வகை, அதனால் அந்தப் பணத்தை நம்பிப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பாடத்தின் பெயரைத் தேடி, எந்தக் கிரெடிட் செல்லும் என்று பார்த்துவிட்டு, வகுப்பு தொடங்குமுன் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக விண்ணப்பியுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. 2020-இல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளி 2025 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகிவிட்டது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: "உடம்பு அளவிலிருந்து பேட்டர்ன் (வெட்டு வரைபடம்) வரையச் சொல்லித் தருவீர்களா?" ஆயத்தப் பேட்டர்னை வைத்து வெட்டக் கற்றுத் தரும் வகுப்பு ஆர்டர் எடுக்கப் பயன்படாது. வருகிற ஒவ்வொருவருக்கும் தோளும் மார்பும் வேறு.

கணக்கு இப்படி: மார்பு 36 அங்குலம் என்றால் கால்பங்கு 9, தளர்வு அரை, பக்கத் தையலுக்கு ஒன்றரை, ஆக 11. அந்த ஒன்றரையைக் கஞ்சத்தனமாக வெட்டாதீர்கள். அடுத்த வருடம் பிரித்துப் பெரிதாக்க வரும்போது அதுதான் காப்பாற்றும்.

புதிதாகத் தைப்பவர்கள் தடுமாறும் இடங்கள்:
கைக்குழியை (கை நுழையும் வளைவு) ஆழமாக வெட்டினால் கை தூக்க வசதி என்று நினைப்பார்கள். நடப்பது நேரெதிர்: கை தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே ஏறும்.
முன்கழுத்தும் பின்கழுத்தும் இரண்டும் அகலமானால் தோள் நழுவும். பின்கழுத்து ஆழமாக வேண்டும் என்றால் முன்னே குறைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் பின்னே கயிறு வையுங்கள்.
கழுத்துப் பட்டியை நேர்நூலில் (துணியின் நூல் ஓடும் திசையில்) வெட்டினால் வாய் பிளந்து நிற்கும். 45 பாகைக் குறுக்கில் ஒன்றேகால் அங்குலப் பட்டி வெட்டி, லேசாக இழுத்தபடி தையுங்கள்.
லைனிங் பருத்தியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். விட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, வெளியே பட்டு மடிப்பு மடிப்பாகத் தெரியும்.
பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, பருத்திக்கு 14. குண்டூசியைத் தையல் ஓரத்துக்கு வெளியே குத்தாதீர்கள், பட்டில் ஓட்டை மறையாது.

சமூகமன்றம்_பக்கத்துவீடு:
வீட்டுத் தொழில் பற்றி: வீவகவின் சிறு தொழில் திட்டத்தில் தையல் சேரும், தனி அனுமதி வேண்டாம். ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, கதவிலும் வராந்தாவிலும் விளம்பரப் பலகை கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. இயந்திரத்தின் காலடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும்.

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே நடத்தினால் அக்ரா (தொழில்களைப் பதியும் ஆணையம்) பதிவு தேவையில்லை. கடைப்பெயர் வைத்தால் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100, மூன்றாண்டுக்கு 160. வருமானத்தை வரித்துறைக்குக் காட்ட வேண்டும். ஆண்டு நிகர லாபம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டுவது கட்டாயம்.

கூலிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா கடை விலையைப் பார்த்துக் குறைக்காதீர்கள். 5 மணி நேரம் ஆகிறது, மணிக்கு 10 வெள்ளி என்று வைத்தால் கூலி 50, லைனிங், நூல், கொக்கிக்கு 8, மொத்தம் 58. வேகம் கூடினால் லாபம் கூடும், விலையைக் கூட்டத் தேவையில்லை. உறவினருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம், கூலியில் மட்டும். துணிச் செலவில் கொடுக்க ஆரம்பித்தால் கைக்காசு போகும். பாதி முன்பணம், அளவுச் சீட்டில் தேதி, வாடிக்கையாளர் கையெழுத்து. இதைக் கேட்கத் தயங்குவதால்தான் நிறையப் பெண்கள் நல்ல கை இருந்தும் நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று "முன்பணம் பாதி, 14 நாளில் ட்ரையல்" என்று பத்து முறை சொல்லிப் பழகுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டரை மூடிவிடுங்கள்.

ஊசிநூல்_ஈசூன்:
மிக்க நன்றி. டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தினருக்கான தங்கும் அனுமதி) இருக்கும் நாத்தனாரும் சேர்ந்து தைக்கலாமா?

வெட்டும்_அளவும்:
அவர் ஊதியத்துக்குத் தைக்க முடியாது அக்கா. 2021 மே முதல் வேலைக்கு முறையான வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழிலுக்கு மனிதவள அமைச்சின் தனி நிபந்தனைகள் உண்டு. உள்ளூர்வாசி ஒருவரை வேலைக்கு அமர்த்துவதும் அதில் ஒன்று. முழுக் கட்டணம் கட்டி வகுப்பில் சேர்ந்து, தன் ரவிக்கையையே தைத்துப் பழகட்டும். முதல் வெட்டு விலை குறைந்த பருத்தியில்.